பற்றரி இல்லாத மைக்

மகன்,

போனில அனுப்பினா நீ ஒரு பெருவிரல் படத்தைத் தட்டிவிட்டிட்டு உன்ட வேலையைப் பாத்துக்கொண்டு போயிடுவாய். அதுதான் கடுதாசியில எழுதுறன். கடுதாசிக்குப் பெருவிரல் காட்ட ஏலாது. நத்தார்ப் பெருநாள் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. வெள்ளவத்தையில எடுத்த அனெக்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிறன் எண்டு போனவன் கொட்டாஞ்சேனை வீட்டுப் பக்கம் இன்னும் தலை காட்டேல்லை. கலியாணத்துக்கு முதல் வீடு ரெடியாக வேணும்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா உனக்கும் எனக்கும் கதைக்க ஒரு விஷயம் இருக்கு. கோபத்திலதான் எழுதுறன், அதை முதலே சொல்லிப்போட்டன். இடையில எங்கேயாவது கோபம் குறைஞ்ச மாதிரித் தெரிஞ்சா அது உன்ட அம்மா கொண்டுவந்து வைச்ச தேத்தண்ணியால.

நத்தார் காலமைப் பூசை முடிஞ்ச கையோட நீ ஷாமினி வீட்டுச் சாப்பாட்டுக்கு ஓடினாய். மாப்பிள்ளை எண்டா ஓடத்தானே வேணும். அந்த அவசரத்தில சவுண்ட் சாமான் எல்லாத்தையும் நான்தான் பெட்டிக்குள்ள அடுக்கினன். எல்லாத்தையும் வைச்சன், நான் பிடிச்சுப் பாடின வயர் இல்லாத மைக்கை மட்டும் மறந்துபோய்க் கோட் பொக்கெட்டுக்குள்ள போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திட்டன். துறைமுகத்தில கப்பல் சாமான் எண்ணின காலத்தில இருந்து எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது உனக்குத் தெரியும். டோர்ச்சில இருந்து பற்றரியைக் கழட்டி வைக்காமல் படுக்கமாட்டன். உள்ளுக்க கிடந்தா கசிஞ்சு டோர்ச் பழுதாப் போயிடும். அந்தப் பழக்கத்திலதான் மைக்கின்ட அடியைத் திருகித் திறந்தன். உள்ளுக்க ஒண்டும் இல்லை. விழுந்திட்டுதோ எண்டு பொக்கெட்டைத் துழாவினன், கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு பாத்தன். பிறகுதான் ஸ்பிரிங்கைப் பாத்தன். தூசி. மகன், அது ஒரு நாள் ரெண்டு நாள் தூசி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் வாய்க்குக் கிட்டப் பிடிச்சுத் தொண்டை கிழியப் பாடினது ஒரு வெறும் குழாய்க்குள்ள.

குசினிக்குப் போனன். அம்மா மஞ்சள் சோத்தைத் தட்டில போட்டுக்கொண்டு நிண்டா. "இந்த மைக்குக்குள்ள பற்றரி இல்லையப்பா" எண்டன். அவ திரும்பியும் பாக்கேல்லை. "முதல் சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்" எண்டா. இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினவனுக்கு அது போதும். எனக்கு மட்டும்தான் தெரியாது எண்டு விளங்கிட்டுது. உனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், கொயரில பாடுற பிள்ளையள் எல்லாருக்கும் தெரியும், ஷாமினிக்குத் தெரியும், சவுண்ட் செட் போடுற அந்தச் சிங்களப் பெடியனுக்கும் தெரியும். அவன் ஒவ்வொரு கிழமையும் பெருவிரலைத் தூக்கிக் காட்டி "நியமாய் அங்கிள், நியமாய்" எண்டு சிங்களத்தில புகழுவான். நானும் பெரிய பாகவதர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு வருவன். நினைக்க நினைக்க எனக்குக் காது சுடுது.

போன தை மாதம் நீ வந்து என்னைக் கேட்டது ஞாபகம் இருக்கா? நான் பேப்பர் பாத்துக்கொண்டு இருந்தன். நீ கதவில சாஞ்சுகொண்டு, "அப்பா, கோயில்ல நாங்கள் கொஸ்பெல் பாட்டுப் பாடத் தொடங்கிறம். மேல் குரலுக்கு ஆள் இருக்கு, கீழ்க் குரல், பேஸ் பாட ஒருத்தரும் இல்லை. நீங்கள் வாறீங்களா?" எண்டாய். நான் பேப்பரை மடிக்காமலே "பாப்பம்" எண்டன். உள்ளுக்க எப்படி இருந்தது எண்டு உனக்குத் தெரியாது. நீ வேலைக்குப் போகத் தொடங்கின பிறகு எங்கட வீட்டில எனக்கும் உனக்கும் இருந்த கதை என்ன? "சாப்பிட்டியா?" "ஓம்." "பஸ் கிடைச்சுதா?" "ஓம்." அவ்வளவுதான். ஒரே வீட்டில ரெண்டு வாடகைக்காரர் மாதிரி இருந்தம். அப்படி இருந்த நீ என்னட்ட வந்து ஒரு உதவி கேட்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் சேர்ட்டை நானே அயன் பண்ணினன். அம்மா அதைப் பாத்திட்டு "பொம்பிளை பாக்கப் போறாரோ" எண்டு பகிடி விட்டா.

பாட்டை விடு. நான் பாட்டுக்காக வரேல்லை எண்டு இப்ப சொல்லுறன். ப்ராக்டிஸ் முடிய நீயும் நானும் நடந்து வாற அந்த ரோட்டுக்காகத்தான் வந்தனான். வழியில இருக்கிற தேத்தண்ணிக் கடையில நிண்டு பிளேன்டீயும் மெத்தெண்ட பணிஸும் சாப்பிட்டிட்டு வருவம். நீ ஷாமினியைப் பற்றி முதல் முதல் சொன்னதும் அங்கதான். "அப்பா, அவை யாழ்ப்பாணத்து ஆக்கள், சைவம், ஆனா அவ எங்கட கொயரில ஆசையாப் பாடுறா" எண்டு பணிஸைப் பாத்துக்கொண்டு சொன்னாய். பணிஸுக்கா கலியாணம் எண்டு நான் கேட்டன். அப்பதான் நிமிந்து சிரிச்சாய். வீட்டில அந்தக் கதையை எடுத்திருந்தா நான் கத்தியிருப்பன், எனக்குத் தெரியும். ரோட்டில நிண்டு கத்த ஏலாதே, மனிசர் பாப்பினம். அதனால கேட்டுக்கொண்டு வந்தன். வீட்டுப் படி ஏறுறதுக்குள்ள எனக்குச் சம்மதமாப் போச்சு.

சரி, இனி என்ட காதுக்கு வருவம். பொரளையில டொக்டர் சொன்னது உனக்குத் தெரியும். கிரேன் சத்தத்துக்கும் விஞ்ச் சத்தத்துக்கும் நடுவில நிண்டு வேலை செய்த காது, ரெண்டும் அரைவாசி போச்சு. காதுக்கு மிஷின் வாங்கித் தந்தனீங்கள். அதைப் போட்டுக்கொண்டு மைக்குக்குக் கிட்டப் போனா "கீ" எண்டு ஒரு சத்தம் வரும். முதல் மாசம் சவுண்ட்காரப் பெடியன் வயரெல்லாம் கழட்டிக் கழட்டித் தேடினான், அந்தச் சத்தம் என்ட காதில இருந்து வருது எண்டு நான் மூச்சுக் காட்டேல்லை. பிறகு மிஷினைக் கழட்டி பொக்கெட்டுக்குள்ள வைச்சிட்டுப் பாடினன். கழட்டினா மற்ற ஆக்கள் பாடுறது எனக்குக் கேக்காது. கேக்காட்டி என்ன, நான் பாடுறது அவைக்குக் கேட்டாச் சரிதானே எண்டு நினைச்சன். அது முட்டாள்தனம். நீ அப்பவே சொல்லியிருக்க வேணும், "அப்பா, நீங்கள் வேற ஊரில பாடுறியள்" எண்டு.

நீ சொல்லேல்லை. உயிர்ப்பு ஞாயிறு முடிஞ்சு அடுத்த கிழமை என்ன நடந்தது எண்டு அம்மாட்டக் கேட்டுத்தான் இப்ப அறிஞ்சன். அண்டைக்குப் பாடின பாட்டின்ட கடைசி வரிக்கு முதல் எல்லாரும் மூச்சைப் பிடிச்சு நிப்பாட்டுற இடம் ஒண்டு இருக்கே, கைதட்டும் இல்லை கீபோர்டும் இல்லை, கோயிலே அமைதியா நிக்கும். அந்த அமைதிக்க நான் தனிய "அல்லேலூயா" எண்டு விட்டிருக்கிறன். கப்பல் மேல்தட்டில நிக்கிறவனைக் கூப்பிடுற மாதிரி. முன் வரிசையில நிண்ட பிள்ளை ஒண்டு சிரிச்சது எனக்குத் தெரியும். கொயர்ப் பெடியன் ரொஷானைப் பாத்துத்தான் சிரிக்கிது எண்டு நினைச்சன். பூசை முடிய அவனைக் கூப்பிட்டு, "தம்பி, நேரம் பிசகாமல் பாடப் பழக வேணும்" எண்டு புத்தியும் சொன்னன். அவன் "ஓம் அங்கிள், சொறி அங்கிள்" எண்டு தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டான். கடவுளே. அவனுக்கு நான் எந்த மூஞ்சியைக் காட்டுறது?

அண்டைக்குக் கொயர்ப் பிள்ளையள் உன்னைக் கூப்பிட்டு, "அங்கிளை இனிக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம்" எண்டு சொல்லியிருக்கினம். அதில பிழை இல்லை, நானும் சொல்லியிருப்பன். நீ "அப்பா இல்லாட்டி நானும் இல்லை" எண்டிருக்கிறாய். பெரிய சினிமா. அதுக்குப் பிறகு நீ செய்ததுதான் உன்ட தலையில உதிச்ச பெரிய மூளை வேலை. அடுத்த கிழமை என்ட மைக்குக்குப் போட வைச்சிருந்த ரெண்டு பற்றரியையும் எடுத்துப் பொக்கெட்டில போட்டுக்கொண்டு வந்து அம்மாட்டக் குடுத்திருக்கிறாய். ஒண்டு குசினி மணிக்கூட்டுக்கு, மற்றது டீவி ரிமோட்டுக்கு. இந்த வருஷம் எங்கட மணிக்கூடு ஒரு நிமிஷமும் பிந்தேல்லை, நல்ல சாமான் எண்டு போன மாதம்தான் நான் அம்மாட்டச் சொன்னனான். அவ "ஓம் ஓம், நல்ல சாமான்" எண்டு சொல்லிக்கொண்டு வெங்காயம் உரிச்சா. எப்படித்தான் சிரிக்காமல் நிண்டாவோ.

இதோட முடிஞ்சிருந்தா நான் உனக்கு போனில ரெண்டு ஏச்சு ஏசிப்போட்டு விட்டிருப்பன். முடியேல்லை. சாப்பிட்டிட்டு, காது மிஷினைப் போட்டுக்கொண்டு, போன கிழமை எடுத்த கரோல் விழா வீடியோவைப் போனில போட்டன். கனடாவில இருக்கிற உன்ட மாமி அதைப் பாத்திட்டு "அண்ணா, உங்கட குரலைக் கேட்டு அழுதுபோட்டன், எங்கட அப்பா பாடின மாதிரியே இருக்கு" எண்டு குரல் அனுப்பியிருந்தாவே, அந்த வீடியோ. போட்டாப் பேஸ் கேக்குது! கணீர் எண்டு கேக்குது. எனக்கு முதல் வந்த யோசனையைச் சொன்னா நீ சிரிப்பாய், பரவாயில்லை சிரி. என்ட குரலுக்கு மைக்கே தேவையில்லைப் போல, பக்கத்து மைக்குகளுக்குள்ள தானாப் போய் ஏறியிருக்கு எண்டு நினைச்சன். அம்மாவைக் கூப்பிட்டு அதைச் சொல்லியும் காட்டினன். அவ "யேசுவே" எண்டிட்டுத் திரும்பிப் போயிட்டா.

ரெண்டாவது சரணத்தில நான் கண்ணாடியைக் கழட்டிச் சேர்ட் நுனியால துடைக்கிறன். வீடியோவில வடிவாத் தெரியுது. வாய் மூடியிருக்கு, கண்ணாடியில ஊதி ஊதித் துடைக்கிறன். பேஸ் நிக்கேல்லை. அது தன்ட பாட்டில போகுது. திருப்பிப் போட்டன். திரும்பவும் நான் துடைக்கிறன், திரும்பவும் பேஸ் போகுது. பிறகு எனக்குப் பக்கத்தில நிக்கிற உன்னைப் பாத்தன். மேல் குரல் பாடப் பிறந்தவன் நீ, அவ்வளவு கீழ இறங்கிறதுக்குத் தாடையை நெஞ்சோட அமத்திக்கொண்டு, கழுத்து நரம்பு தெரிய நிண்டு பாடுறாய். என்ட வாய் திறக்கேக்க உன்ட வாயும் திறக்குது. நான் மூச்செடுக்கேக்க நீயும் எடுக்கிறாய். என்னைக் கடைக்கண்ணால பாத்துப் பாத்துப் பாடுறாய்.

அப்ப மாமி அழுதது உன்ட குரலுக்கு. ஃபாதர் என்ட தோளில தட்டினது உன்ட குரலுக்கு. அந்த வீடியோவை நான் சலூனில போட்டுக் காட்டினன், மீன் வாங்கப் போன இடத்தில போட்டுக் காட்டினன், துறைமுகத்தில என்னோட வேலை செய்த ஆக்கள் எல்லாருக்கும் அனுப்பினன். "அறுபது தாண்டியும் பார், அப்படியே இருக்கு" எண்டு நெஞ்சை நிமித்தினன். எனக்கே வித்தியாசம் தெரியேல்லை மகன். என்ட குரல் எண்டுதான் கேட்டன். இப்ப இந்த ஆக்களிட்டயெல்லாம் போய் நான் என்ன சொல்லுறது?

உனக்கு எப்படி ஏசுறது எண்டும் எனக்குத் தெரியேல்லை. ஆனி மாதம் திருவிழாவுக்கு முதல் நீ லீட் பாடுறதை விட்டிட்டு ரொஷானுக்குக் குடுத்தாய். "தொண்டை சரியில்லை அப்பா, அவன் பாடட்டும்" எண்டாய். நான் நடுரோட்டில நிண்டு உன்னை என்னவெல்லாம் சொன்னன்! கிடைச்ச இடத்தைப் பிடிச்சுக்கொள்ளத் தெரியாதவன், முதுகெலும்பில்லாதவன், நாளைக்கு ஒபிஸிலயும் இப்படித்தான் மற்றவனுக்கு வழி விட்டிட்டு நிப்பாய் எண்டன். நீ "ஓம் அப்பா" எண்டாய். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில குரல் கரகரக்க நீ வந்து இருப்பாய், அம்மா கொத்தமல்லி அவிச்சுத் தருவா, ஒரு பாட்டுக்கு இந்த நடிப்பா எண்டு நான் நினைப்பன். நான் பாடாத பாட்டை எனக்காகப் பாடிப் பாடி உன்ட தொண்டை போயிருக்கு. உனக்கு எண்டு எழுதின மாதிரி இருந்த அந்த லீட்டை விட்டுப்போட்டு நிண்டிருக்கிறாய். ஆர் கேட்டது உன்னை? நான் கேட்டனா? இப்படி ஒரு தியாகத்தைச் செய்திட்டு ஒருத்தரிட்டயும் சொல்லாமல் பணிஸ் தின்னுகொண்டு பக்கத்தில நடந்து வந்தியே, உனக்கு விசரா?

இது உனக்குச் சின்ன வயசில இருந்து வந்த வியாதி. கணக்கு டியூஷனுக்கு எண்டு வெள்ளவத்தைக்கு அனுப்பினன், ஞாபகம் இருக்கும். "போனியா?" "ஓம் அப்பா." "விளங்குதா?" "ஓம் அப்பா." கடைசியில பாத்தா மாஸ்டர் போன் பண்ணுறார், பிள்ளைக்கு வருத்தமா, காணேல்லை எண்டு. நீ பஸ் ஏறிப் போய் இறங்கி, பக்கத்து லேனில ஒரு டீச்சர் வீட்டில கீபோர்ட் பழகிக்கொண்டு இருந்திருக்கிறாய். அண்டைக்கு நான் போட்ட சத்தத்துக்குக் கீழ் மாடிச் சனமும் வந்து எட்டிப் பாத்துது. அம்மா பிறகு சொன்னா, "நீங்கள் இப்படிக் கத்தினா அவன் எப்படி உண்மை சொல்லுவான்?" எண்டு. நான் கத்தாமல் இருந்தா அவன் உண்மை சொல்லுவானோ எண்டு திருப்பிக் கேட்டன். கத்தாமல் கேட்டுப் பாத்திருக்கலாம், ஒருநாளும் கேட்டுப் பாக்கேல்லை.

நீ இனிக் குடும்பக்காரன். அதனால சொல்லுறன், இந்தப் பற்றரி கழட்டுற வேலையை ஷாமினியிட்டக் காட்டாதே. அவ கதைக்கேக்க சிரிச்சுக்கொண்டு "ஓம்" சொல்லிப்போட்டு, பின்னால நீ நினைச்சதைச் செய்யாதே. அவவுக்கு நல்லது எண்டு நினைச்சும் செய்யாதே. முதல் நாள் சொல்ல வேண்டியதை முதல் நாளே சொல்லு. என்னைப் பார். கலியாணம் முடிஞ்சு வந்த முதல் நத்தாருக்கு அம்மா கேக் போட்டா. ரோஸ் வோட்டரை ஊத்து ஊத்தெண்டு ஊத்தி வைச்சிருந்தா, வாயில வைச்சாச் சவர்க்காரம் திண்ட மாதிரி. புதுப் பொம்பிளை, முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. நான் "ஆஹா" எண்டிட்டன். அந்த ஒரு "ஆஹா"வுக்கு இண்டு வரைக்கும் வருஷா வருஷம் தண்டனை அனுபவிக்கிறன். நான் விரும்பிச் சாப்பிடுறன் எண்டு எனக்கு மட்டும் நாலு துண்டு பிறிம்பா எடுத்து வேற வைப்பா. ஷாமினி கூழ் காய்ச்சித் தந்து உனக்குப் பிடிக்காட்டி அண்டைக்கே சொல்லு. அழுவா, கோவிப்பா, ரெண்டு நாள் கதைக்கமாட்டா. அதுக்குப் பிறகு உனக்குப் பிடிச்ச மாதிரி ஒண்டு காய்ச்சுவா. இல்லாட்டி நீயே காய்ச்சப் பழகு.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு போகேக்க எனக்கே ஒண்டு உறைக்குது. பிள்ளைக்கு இந்தக் குணம் வானத்தில இருந்து விழேல்லைத்தானே. வீட்டு வாடகை, தண்ணி பில், தன்ட தங்கச்சி வீட்டுக் கதை எண்டு அம்மா தொடங்கினா நான் காதைச் சொறியிற மாதிரிக் கையைக் கொண்டுபோய் மிஷினை நிப்பாட்டிப்போட்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு இருப்பன். நீ எத்தனையோ தரம் எதிரில இருந்து பாத்திருக்கிறாய். பாத்திட்டுச் சிரிப்பை அடக்குவாய். அப்ப நான் உன்னை என்னோட சேத்தி எண்டு நினைச்சுச் சந்தோஷப்பட்டன். நீ பாடம் எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

இன்னொண்டு. கலியாணப் பூசையில நற்கருணை வாங்கின பிறகு கொயர் என்ன பாட்டுப் பாடுது எண்டு ஒரு மாசமா உன்னைக் கேக்கிறன். "ஓம் அப்பா, பாப்பம்." "ஓம் அப்பா, முடிவெடுக்கேல்லை." பாட்டுத் தெரிய ஒரு மாசமா எண்டு எனக்கு ஏறிக்கொண்டு வந்தது. இப்ப விளங்குது. அண்டைக்கு நீ மாப்பிள்ளையாப் பீடத்துக்கு முன்னால நிப்பாய். எனக்குப் பக்கத்தில நிக்க மாட்டாய். வெறும் குழாயைப் பிடிச்சுக்கொண்டு நான் வாயைத் திறக்க, பேஸ் வராது. சனத்துக்கு முன்னால அப்பா பிடிபட்டுப் போவார் எண்டு நீ பயந்துகொண்டு திரியிறாய். பெயின்ட் அடிக்கிறதாவது! எனக்கு முகம் குடுக்கப் பயந்து அங்க போய் ஒளிச்சிருக்கிறாய். உன்ட கலியாணத்தில உனக்கு யோசிக்க எவ்வளவு இருக்கு, அதுக்குள்ள இதுவும் ஒரு பாரமா?

அதனால நான் முடிவெடுத்திட்டன், நீ "ஓம் அப்பா" மட்டும் சொல்லாமல் கேள். கலியாணப் பூசையில நான் பாடேல்லை. முன் வாங்கில அம்மாவுக்குப் பக்கத்தில இருப்பன். பேஸ் இல்லாட்டிக் கலியாணம் நிக்காது. நற்கருணைக்குப் பிறகு வாற பாட்டின்ட முதல் சரணத்தை நீ பாட வேணும், பீடத்துக்கு முன்னால நிண்டு, உன்ட சொந்தக் குரலில, மேல. மாப்பிள்ளை பாடக்கூடாது எண்டு ஒரு சட்டமும் இல்லை, காலமை போய் ஃபாதரிட்டக் கேட்டிட்டு வந்திட்டன். ரொஷானிட்டயும் போனன். மன்னிப்புக் கேட்டன். அவன் பயந்துபோய் "பரவாயில்லை அங்கிள், நீங்கள் சொன்னதுக்குப் பிறகு நேரம் பாத்துத்தான் பாடுறன்" எண்டான். நல்ல பிள்ளை. அவன்ட தாய் எனக்கு ஒரு துண்டு கேக் தந்தா. ரோஸ் வோட்டர் இல்லை.

உன்ட குரலை நான் கடைசியா எப்ப வடிவாக் கேட்டன் எண்டு யோசிச்சுப் பாக்கிறன், ஞாபகம் வருதில்லை. ஒரு வருஷம் தோளோட தோள் நிண்டு பாடினம், மிஷின் பொக்கெட்டுக்குள்ள கிடந்துது, ஒரு ஞாயிறும் நான் உன்னைக் கேக்கேல்லை. எனக்கு அதுதான் இப்ப தாங்க ஏலாமல் கிடக்கு. மைக்கில பற்றரி இல்லாததுக்குக் கோபம்தான், ஆனா அதுக்கு அழுகை வராது.

கலியாணம் முடிஞ்சு வாற ஞாயிற்றுக்கிழமைகளில வெள்ளவத்தையில இருந்து பஸ் எடுத்து ப்ராக்டிஸுக்கு வா. ஷாமினியையும் கூட்டிக்கொண்டு வா. நானும் வருவன். என்னை எங்க நிப்பாட்டுறது எண்டு நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. ஒரு வரியைச் சரியாப் பாட எனக்குப் பழக்க ஏலும் எண்டால் பழக்கு, மிஷினைப் போட்டுக்கொண்டு கேட்டுப் பழகுறன், மைக்குக்குத் தள்ளி நிண்டா "கீ" எண்டு வராதுதானே. ஏலாது எண்டால் ஏலாது எண்டு சொல்லு. பற்றரி இல்லாத மைக்கைத்தான் தரப்போறாய் எண்டாலும் தா, வாங்கிப் பிடிச்சுக்கொண்டு உனக்குப் பக்கத்தில நிப்பன், ஆனா "அப்பா, இதுக்குள்ள ஒண்டும் இல்லை" எண்டு சொல்லிப்போட்டுத் தா. பாட்டுக்கு நான் வேண்டாம் எண்டாலும், அது முடிய அந்தக் கடைக்கு நடந்து வாறதுக்கு என்னை வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதே. அதை மட்டும் சொன்னா எனக்குத் தாங்காது.

இந்தக் கடுதாசியை அம்மா உனக்குச் சாப்பாடு கொண்டு வாற பையில, கேக் டப்பாவுக்குள்ள வைச்சு அனுப்புறன். மைக்கும் அதுக்குள்ள இருக்கு. கலியாணத்தண்டு நீ பிடிச்சுப் பாட வேண்டியது அதுதான். திறந்து பாக்கத் தேவையில்லை, ரெண்டு பற்றரியும் போட்டிருக்கிறன், எங்க இருந்ததோ அங்க இருந்து கழட்டி. குசினி மணிக்கூடு நிண்டுபோச்சு. ரிமோட்டும் வேலை செய்யாது, அம்மாவுக்கு நாடகம் பாக்கிற நேரம் வேற. ஏச்சோட ஏச்சா இருக்கட்டும் எண்டு கேக் விஷயத்தையும் இப்பதான் சொல்லிப்போட்டன். குசினிக்குள்ள நிண்டு தொடங்கிட்டா, முதல் நத்தாரில இருந்து வருஷம் வருஷமா வாறா, இண்டைக்கு முடியாது போல கிடக்கு. மிஷின் காதிலதான் இருக்கு மகன். ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டு இருக்கிறன்.

அப்பா